சுழல் கார்பைனும் மகளின் என்.ஓ.சி.யும்

1

என் இடது கைக் கட்டைவிரலைப் பற்றி ஊரில் மூன்று விதமான செய்திகள் உலவுவதாக அறிகிறேன். பாளையங்கோட்டையிலிருக்கும் என் மைத்துனர், ஷார்ஜாவில் யாரோ என்னைச் சுட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் அழைத்தார். நானே எடுத்துப் பேசியதில் சற்று ஏமாற்றமடைந்தவர்போல, "நல்லாத்தான் இருக்கியளா?" என்று கேட்டு வைத்துவிட்டார். கல்லூரி நண்பர் ஒருவர், அறுபத்தேழு வயதில் நான் ஏதோ காவல் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டதாக எண்ணி, இந்த வயதில் சீருடை தேவையா என்று வருந்தி எழுதியிருந்தார். மூன்றாமவர் பத்து நிமிடமும் வெயிலைப் பற்றியே பேசினார். மனைவியை இழந்த ஒருவனின் பெயரும் துப்பாக்கி என்னும் சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் நல்ல மனிதர்கள் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த மூன்றாமவரின் பொருட்டே இக்குறிப்புகளை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழு மாதங்களாகச் சனிக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே, மணல்வெளியை ஒட்டியிருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்வருகிறேன். அங்கே அட்டையில் அச்சிட்ட வட்டங்களைச் சுடுகிறேன். என் மனைவி கோமதி இறந்து ஓராண்டு நிறைவதற்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தபோது, முழுக்க என் சொந்தத் தவறால், கட்டைவிரல் பொசுங்கியது. விரலுக்குப் பெரிய தீங்கில்லை. தீங்கு வேறு வழியில் வந்தது. காயம் பதிவேட்டில் ஏறிவிட்டதால், நான் மீண்டும் சுட வேண்டுமானால் என் ஸ்பான்சரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள்.

வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்கு என்.ஓ.சி. என்னும் மூன்றெழுத்தை விளக்கத் தேவையில்லை. வாழாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு வெளிநாட்டானுக்கும், அவன் இருப்புக்குப் பொறுப்பேற்கும் கஃபீல் ஒருவர் உண்டு. வாழ்வில் நாம் செய்ய விரும்பும் பல காரியங்களை அவர் எதிர்க்கவில்லை என்று காகிதத்தில் காட்ட வேண்டியிருக்கும். பணியிலிருந்தவரை நிறுவனமே எனக்குக் கஃபீல். ஓய்வு பெற்றதும் என் விசா என் மகள் அகிலாவின் பொறுப்புக்கு மாறியது. இருபத்தோரு ஆண்டுகள் அவள் என் விசாவில் இருந்தாள்; இப்போது நான் அவள் விசாவில் இருக்கிறேன்.

கிளப்பின் கணினியில் ஸ்பான்சருடன் உறவு என்னும் கட்டத்தில் நிறுவனம், கணவர், தந்தை ஆகிய மூன்றே தெரிவுகள் இருந்தன. அலுவலர் நெடுநேரம் யோசித்து, குடும்பத்துக்குள்ளாவது இருக்கட்டும் என்று தந்தை என்பதை அழுத்தினார். அந்தப் பதிவின்படி அகிலா என் தந்தை.

அவளுக்கு நான் துப்பாக்கி சுடுவதே தெரியாது. சனிக்கிழமைகளில் நான் குளிரூட்டப்பட்ட ஒரு மாலில் முதியோர் குழுவுடன் நடந்துவருவதாக நம்பிக்கொண்டிருந்தாள்.

2

என்னை அங்கே அழைத்துப் போனவர் காஜா. காயல்பட்டினத்துக்காரர், துபாயின் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கிறார், என்னைவிட எட்டு வயது இளையவர். முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டு ஏலக்காயும் பட்டையும் அவர் கடையிலிருந்துதான். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். கோமதி இறந்தபின் என்னைப் பார்க்க வந்த பலரிடம் அந்தத் திறமை மிகுதியாக இருந்ததால், காஜாவின் இந்தக் குறையை நான் பெரிதும் மதித்தேன்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் ஷார்ஜாவின் முவைலா பகுதியிலுள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தவர், கூடத்தில் நான் அமர்ந்திருந்த கோலத்தைச் சிறிதுநேரம் பார்த்தார்.

"டாக்டர் காக்கா, வூட்டுல குந்திக்கிட்டு செவுத்தப் பாத்தா செவுரு என்னா சொல்லும்? எந்திரிங்கோ. எதையாச்சும் சுட்டுட்டு வருவோம்."

காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன்; உலோகவியலில் ஆய்வுப்பட்டம் பெற்றவன் என்பதால் அவர் என்னை டாக்டர் என்கிறார். முதல் பத்தாண்டுகள் தம் முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்தும் கேட்டுவந்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. கிளப்பின் துப்பாக்கி, கிளப்பின் தோட்டா, கிளப்பின் கண். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், சுட்டு முடித்து வெளியே வரும்வரை ஒரு கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நிற்பார். எங்கள் வரிசைக்குக் குல்சார். இருபத்திரண்டு ஆண்டுகள் பாகிஸ்தான் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நரைத்த மீசை, சிரிப்பதற்குமுன் அனுமதிக்குக் காத்திருப்பவர்போன்ற முகம்.

அங்கேதான் அந்தச் சுழல் கார்பைனைப் பார்த்தேன். முதிய அரபு உறுப்பினர் ஒருவர் கிளப்பின் பயன்பாட்டுக்குக் கொடுத்திருந்தது. ரிவால்வர் எல்லோருக்கும் தெரியும்: ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று, ஒவ்வொரு தோட்டாவாகக் குழலின் முன் கொண்டுவந்து நிறுத்தும் கைத்துப்பாக்கி. அதே ரிவால்வருக்குக் குழலை நீட்டி, பின்னால் தோளில் பதியும் கட்டையைப் பொருத்தினால் கிடைப்பது சுழல் கார்பைன். சுற்றுலா வருபவர்கள் அதைக் கையில் வாங்கிப் படமெடுத்துக்கொண்டு, சுடுவதற்கு வேறொன்றை எடுத்துக்கொள்வார்கள். அழகாக இருக்கும், ஆனால் யாரும் தொடர்ந்து நாடாத பொருள். இரண்டாம் சனிக்கிழமையிலிருந்து நான் அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

3

விபத்தை விளக்க என் கல்லூரிக் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் பொறியியல் படித்தது வடக்கே. அங்கே தேசிய மாணவர் படையில் மூன்றாண்டுகள் இருந்தேன். அம்மூன்றாண்டுகளில் நான் ஹிந்தி கற்கவில்லை. என் கைகால்கள் கற்றன. சந்தையில் வெங்காயம் கேட்கத் தெரியாது. ஆனால் ஹவில்தார் ஒரு கட்டளையைக் கத்தினால் மூளைக்குத் தகவல் போகுமுன்பே உடல் அதைச் செய்து முடித்திருக்கும். ரைஃபிள் பயிற்சியில் அவர் ஒரு நாளைக்கு நூறு முறை கத்திய சொற்கள் இரண்டு: "மஜ்பூத் பகட்!" உறுதியான பிடி. அதைக் கேட்டதும் இடது கை முன்னே போய்த் துப்பாக்கியின் முன்பகுதியைக் கெட்டியாகப் பற்ற வேண்டும். பற்றாத கைகள் மைதானத்தைச் சுற்றி ஓடின.

சுழல் கார்பைனில் செய்யவே கூடாத காரியம் அது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. சுடும்போது அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் சீறும். ஆகவே இரு கைகளும் உருளைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். குல்சார் முதல் நாளே என் இடது கையை எடுத்து வலது கையின்மேல் வைத்து, குழந்தைக்குச் சோறு பிசையச் சொல்லிக்கொடுப்பதுபோல அழுத்திக் காட்டியிருந்தார். ஆறு மாதங்களுக்குமேல் அப்படியே செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தடத்தில் புதிதாக வந்த ஓர் இளைஞர் சாதாரண ரைஃபிள் ஒன்றைத் துவண்ட கீரைக்கட்டைப்போலப் பிடித்திருந்தார். குல்சாரால் பொறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டு சேவையும் ஒன்றுதிரண்டு அவர் தொண்டைக்கு வந்தது.

"மஜ்பூத் பகட்!"

எனக்குச் சொன்னதல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் இடது கைக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின் அழைக்கப்பட்ட அந்தக் கை மிகுந்த உற்சாகத்துடன் முன்னே பாய்ந்து குழலைப் பற்றியது. அதே கணம் வலது விரல் விசையை அழுத்தியது.

சிறிய ரகத் தோட்டா என்பதால் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோல் பொசுங்கி, ஈயத் துணுக்குகள் கடுகு தாளித்ததுபோலப் படிந்திருந்தன. கார்பைனை முறைப்படி கீழே வைத்துவிட்டுத்தான் கையைப் பார்த்தேன். காஜா தம் தடத்திலிருந்து ஓடிவந்தார்.

"காக்கா, வெரல எண்ணுங்கோ."

"அஞ்சும் இருக்கு."

"ஒரு கைல அஞ்சா, ரெண்டு கைலயும் சேத்து அஞ்சா?"

குல்சாரின் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டர் சாப், மைனே உஸ்கோ போலா தா," என்று அந்த இளைஞரைக் காட்டிக்கொண்டே இருந்தார். உங்களுக்குச் சொல்லவில்லை, அவனுக்குச் சொன்னேன் என்பது அவர் வாதம். காஜாவை மொழிபெயர்ப்பாளராக வைத்து என் மாணவர் படைக் கதையைச் சொன்னேன். அவர் வியப்புடன் கேட்டார்: "உதர் பீ மஜ்பூத் பகட்?" அந்தப் பக்கமும் அதேதானா? அதேதான் என்றேன். எல்லையின் இரு புறமும் ஒரே இரண்டு சொற்களை மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதில் அவருக்கு ஏற்பட்ட மனநிறைவில் என் விரலைச் சற்று மறந்துவிட்டார். பிறகு நினைவுவந்து, பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.

4

அகிலா காப்பீட்டு நிறுவனமொன்றில் இடர் மதிப்பீட்டாளர். கப்பல்களும் கிடங்குகளும் எவ்வெவ்வாறு அழியக்கூடும் என்று முன்கூட்டியே சிந்திப்பது அவள் தொழில். முப்பத்து நான்கு வயது. இந்த ஊரில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிக் கடைப்பலகை வாசிப்பாள், அதற்குமேல் ஆங்கிலம். அவள் திருமணத்தைப் பற்றி நான் கேட்பதில்லை, என் உணவைப் பற்றி அவள் கேட்பதில்லை என்றொரு எழுதப்படாத உடன்படிக்கை எங்களுக்குள் இருந்தது. கோமதி இருந்தவரை இரண்டு கேள்விகளையும் அவளே கேட்டுவந்ததால் எங்களுக்கு அந்தத் தேவை எழவில்லை.

கட்டுப்போட்ட விரலை அவள் பார்க்க ஏழு நொடிகூட ஆகவில்லை.

"அப்பா, கைல என்ன?"

"தோசைக்கல் சுட்டுட்டு."

"நம்ம வீட்ல தோசைக்கல் எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அடுப்புக்குக் கீழே என்று பொதுப்படையாகச் சொன்னேன். அது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

"மாவு? க்ரோசரி நான்தான் ஆர்டர் பண்றேன். மாவே வாங்கலியே." கட்டை மெல்ல அவிழ்த்தாள். "தோசைக்கல் இப்படிப் புள்ளி புள்ளியா சுடுமா? அப்பா, திஸ் இஸ் நாட் எ தோசை பர்ன்."

தொழில்முறை மதிப்பீட்டாளருக்கு எதிரே மேலும் சாட்சியங்களை உருவாக்குவது அறிவுடைமையல்ல. பையிலிருந்து கிளப்பின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள்; பிறகு உட்கார்ந்து படித்தாள்.

"ஷூட்டிங். ரியல் கன்?"

"சின்னதுதான். பாயிண்ட் இருபத்திரண்டு."

"எவ்ளோ நாளா?"

"ஏழு மாசம்."

அவள் விரல்களை மடக்கவில்லை. ஆனால் எண்ணுகிறாள் என்பது தெரிந்தது. அம்மா போய் ஐந்தாம் மாதம். "நடைக்குழு?" என்றாள். அப்படியொரு குழு உண்மையிலேயே இருக்கிறது, நான்தான் அதில் இல்லை என்றேன்.

"இதுல நான் உங்க ஃபாதர்னு போட்டிருக்கு."

"கம்ப்யூட்டர்ல மகளுக்கு எடமில்ல."

"ஓகே. அப்ப ஃபாதரா சொல்றேன். ஐ ஹேவ் அப்ஜெக்ஷன்." கடிதத்தை மடித்துத் தன் மடிக்கணினிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நான்கு நாட்கள் இருவரும் அளவற்ற மரியாதையுடன் நடந்துகொண்டோம். ஒரு முதியவன் தன் சனிக்கிழமையை இழப்பது ஒரு பெரிய செய்தியாகாது என்பதை அறிவேன். எனினும் எனக்கு வாரத்தில் ஏழு நாட்கள் இருந்தன. அவற்றில் ஆறு நாட்களைக் கடக்க ஏழாவது நாள் தேவைப்பட்டது. இதை அவளிடம் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாக்கியம் அமையவில்லை.

ஐந்தாம் நாள் காலை, காபிக்குவளையுடன் வந்து நின்றாள்.

"எழுதிக் குடுங்க. ஏன் அந்த கன்? ப்ளஸ் என்ன, மைனஸ் என்ன? எங்க ஆபீஸ்ல யார் வந்தாலும் அப்படித்தான். அஸெஸ் பண்ணிட்டுச் சொல்றேன்."

5

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அதன் சாரத்தை இங்கே தருகிறேன். ஊரிலிருந்து யாரேனும் இப்பொழுதுபோக்கில் இறங்க எண்ணினால் பயன்படக்கூடும்.

முதல் தகுதி, நிலைப்பு. அறுபத்தேழு வயதுக் கையில் ரிவால்வரைக் கொடுத்தால் அது காற்றில் கையெழுத்துப் போடும். தோளில் ஊன்ற ஒரு கட்டையும் கன்னத்தைச் சாய்க்க ஓர் இடமும் நீண்ட குழலும் இருந்தால், அதே தோட்டா ஒழுங்காகப் போய்ச் சேரும். சிறிய தோட்டாவுக்குத் தோளில் உதையும் இல்லை. அடுத்து, அது தன் வேலையை ஒளிப்பதில்லை. தானியங்கித் துப்பாக்கிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவற்றுக்கே தெரியாது. இதில் உருளை திரும்புவது கண்ணுக்குத் தெரியும். அது பூட்டிக்கொள்ளும் ஒலி காதுக்குத் தெரியும். எத்தனை மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்லலாம்.

இடதுகைக்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. மற்ற துப்பாக்கிகள் சுட்டு முடித்த காலித் தோட்டாவை வலப்புறம் எறியும். காஜா இடதுகைக்காரர், அவர் முகம் இருப்பது அந்தப் பக்கம். ஒருமுறை சூடான காலித் தோட்டா அவருடைய காலருக்குள் விழுந்து, முதுகுவழியாகப் பயணம் செய்தது. துப்பாக்கியைப் பாதுகாப்பாக மேசையில் வைத்துவிட்டுத்தான் அவர் ஆடத் தொடங்கினார் என்பதைக் குல்சார் இன்றும் புதியவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்கிறார். சுழல் கார்பைன் எதையும் எறியாது. காலித் தோட்டாக்கள் அவற்றின் அறைகளிலேயே தங்கிவிடும்.

குறைகள் என்று வரும்போது அந்த இடைவெளியை முதலில் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு தாளின் கனம், மிஞ்சினால் இரண்டு தாள். உருளை தடையின்றிச் சுழல வேண்டுமானால் அது இருந்தே ஆக வேண்டும். முப்பதாண்டுகள் எண்ணெய்க் குழாய்களின் இணைப்புகளில் கசிவு தேடியவன் நான். மயிரிழைக் கசிவுக்காக ஆலைகளை நிறுத்தச் சொல்லிக் கையொப்பமிட்டவன். வடிவமைப்பிலேயே கசியும் ஓர் இயந்திரத்தின்மேல் முதுமையில் எனக்கு ஏற்பட்ட இந்தப் பற்றை நான் நியாயப்படுத்த முயலவில்லை. கரிமருந்து அடைத்துச் சுட்ட பழங்காலத்தில், இந்த வகையில் ஓர் அறையின் தீ பக்கத்து அறைகளுக்கும் தாவி, எல்லாம் ஒன்றாக வெடித்ததும் உண்டு. அப்போது முன்னே இருந்த கையின் கதி என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. இன்றைய தோட்டாக்களில் அந்த அச்சம் கிட்டத்தட்ட இல்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். அகிலாவின் தொழிலை நினைத்து "கிட்டத்தட்ட" என்பதை அடித்தேன். மனச்சாட்சியை நினைத்து மீண்டும் எழுதினேன்.

இந்த இடைவெளியிலிருந்து மற்ற குறைகள் கிளைக்கின்றன. நீண்ட குழல் முன்னே இழுக்கும். ஆனால் அதைத் தாங்க முன்னே கை வைக்கக்கூடாது. எனவே தோள் சீக்கிரம் சோரும். உருளை முகத்துக்கு அருகிலேயே இருப்பதால் ஓசை காதில் அறையும். கண்ணாடி இல்லாமல் சுடுவது மடமை. போட்டிகளில் இதற்குப் பெரும்பாலும் இடம் கிடையாது. கைத்துப்பாக்கிக்காரர்கள் இதை ரைஃபிள் என்று ஒதுக்குவார்கள், ரைஃபிள்காரர்கள் இதை ரிவால்வர் என்று ஒதுக்குவார்கள்.

கடைசிக் குறை, தாமதம். ஒவ்வொரு முறையும் தோட்டாவை அடிக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆறு முடிந்ததும் பக்கத்திலுள்ள சிறு கதவைத் திறந்து, ஒரு கம்பியால் காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, உருளையைத் திருப்பித் திருப்பிப் புதியவற்றை ஒவ்வொன்றாக இட வேண்டும். பக்கத்துத் தடத்து ரைஃபிள் முப்பது சுடும் நேரத்தில் இது ஆறு சுடும்.

முடிவுரையில், பொழுதுபோக்காகச் சுட விரும்பும் ஒருவருக்குச் சாதாரண ரைஃபிளே எல்லா வகையிலும் ஏற்றது என்று எழுதினேன். அது உண்மை. அகிலாவிடம் கொடுக்குமுன் காஜாவிடம் படித்துக் காட்டினேன்.

"காக்கா, இது மனுவா, தீர்ப்பா?"

"உள்ளத எழுதணும்லா?"

"உள்ளத எழுதுனா யாரு என்.ஓ.சி. குடுப்பா? நான் கஸ்டம்ஸுக்கு மொளகாத்தூள்னு எழுதுனா, சாப்புட்டா வயிறு எரியும்னுமா எழுதுறேன்?"

6

வெள்ளிக்கிழமை மாலை அகிலா உணவுமேசையில் என் அறிக்கையைப் பென்சிலுடன் படித்தாள். கேள்விகள் கூர்மையாக இருந்தன. கையுறை உதவுமா? ஓரளவு. இடைவெளியை யார் அளக்கிறார்கள்? மாதம் ஒருமுறை கிளப்பின் மெக்கானிக். மனிதத் தவறு மீண்டும் நிகழ வாய்ப்பு உண்டா? குல்சார் அந்த இரண்டு சொற்களை இனி என் முன்னிலையில் பயன்படுத்துவதில்லை என்று வாக்களித்திருக்கிறார்.

"உங்க கன்க்ளூஷன்படி நார்மல் ரைஃபிள்தான் பெஸ்ட்."

"ஆமா."

"அப்ப ஏன்ப்பா இது?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அறிக்கையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். அடுத்த கேள்வியை அவள் தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, வேற எதுக்கும் இல்லையே?"

ஆறு நாட்களாக அவள் சுமந்துகொண்டிருந்தது இந்தக் கேள்வியைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய ஆட்சேபணைக்கும் விரலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"இல்லம்மா," என்றேன். "அந்த மாதிரி ஒண்ணும் இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் மறுப்பு போதுமானதாக இல்லை. அதற்கு ஆதாரம் தேவைப்பட்டது. ஆகவே, அறிக்கையில் எழுதாததைச் சொன்னேன்.

"அந்தக் கடைசிக் குறை இருக்குல்லா, லேட் ஆகும்னு. அதுக்காகத்தான் போறேன். ஒவ்வொண்ணா தள்ளி எடுக்கணும், ஒவ்வொண்ணா போடணும். கொஞ்சம் கவனம் பெசகினாலும் உருளை தாண்டிப் போயிரும், திரும்பச் சுத்தணும். வேற எதையும் நெனைக்க முடியாது. அந்த நேரத்துல மட்டும் அம்மா ஞாபகம் வரதில்ல."

சொல்லி முடித்ததும் அதை ஒரு மகளிடம் சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. அவளுடைய தாயை மறப்பதற்காக வாரம் ஒருமுறை டாக்சி பிடித்துப் போகிறேன் என்பதுதானே அதன் பொருள். குளிர்பதனப் பெட்டி ஓடி நின்றது.

"ஹவ் லாங்?" என்றாள்.

"நாப்பது நிமிஷம். சில நாள் அம்பது."

"அம்பது நிமிஷம்." யாரோ ஒருவருடைய சொத்தின் அளவைக் கேட்டவள்போல மெல்லத் திருப்பிச் சொன்னாள். "எனக்கு மீட்டிங்லகூட வருதுப்பா. ஸ்லைடு போட்டுட்டு இருக்கும்போது. கார் பார்க் பண்ணும்போது."

ஓராண்டாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் மறந்து வேலை செய்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அதற்காக உள்ளூரச் சற்று வருந்தியும் இருக்கிறேன்.

அவள் மடிக்கணினியைத் திறந்து தட்டச்சு செய்தாள். மேற்கண்ட நபர் மேற்கண்ட செயலில் ஈடுபடுவதில் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்றும், அவர் இரு கைகளிலும் கையுறை அணிய வேண்டும் என்றும், முதல் நாள் ஸ்பான்சர் உடனிருந்து பார்வையிடுவார் என்றும் அதில் இருந்தது.

7

ஓராண்டு நிறைவு நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. ஊரிலிருந்து சாஸ்திரிகள் திரையில் தோன்றிச் சொன்னதைச் செய்தோம். கட்டுப்போட்ட விரலைப் பார்த்து அடுப்புப் பக்கம் கவனமாக இருக்கும்படி அறிவுரை கூறினார். நான் ஆகட்டும் என்றேன். அகிலா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான் என்பது அவள் தோள்களிலிருந்து தெரிந்தது. கோமதியும் சடங்குகளின்போது அப்படித்தான்.

அதற்கடுத்த சனிக்கிழமை இருவரும் கிளப்புக்குப் போனோம். குல்சார், கஃபீல் நேரில் வந்திருப்பதை அறிந்து மீசையைச் சரிசெய்துகொண்டு வணங்கினார். அகிலா அவருடன் நான் பொறாமைப்படும் ஹிந்தியில் பேசி, தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்பதுவரை விசாரித்தாள். பார்வையாளர் பகுதியைத் தாண்டி உள்ளே வர அவளுக்கும் ஒரு படிவம், அதற்கு அவளுடைய நிறுவனத்தின் என்.ஓ.சி. வேண்டுமாம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். போகிற வழியில் காஜா அவளை மறித்தார்.

"பயப்படாத மவளே. ஒங்க வாப்பா சுடுறப்ப ஆபத்து இல்லாத எடம் அந்த அட்டை ஒண்ணுதான்."

கார்பைனை எடுத்தேன். கையுறைகளுடன் தோட்டாவை எடுப்பது எளிதாக இல்லை. வழக்கத்தைவிட மெதுவாகவே நிரப்பினேன். முதல் ஆறு முடிந்து, கதவைத் திறந்து, கம்பியால் தள்ளத் தொடங்கியபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அகிலா முழங்கையை முட்டியில் ஊன்றி, மோவாயைக் கைக்குள் வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோலத்தை நான் கோமதியிடம் முப்பத்தேழு ஆண்டுகள் ரயில் ஜன்னலோரங்களிலும் மருத்துவமனை வராந்தாக்களிலும் பார்த்திருக்கிறேன். அகிலாவிடம் அது இருப்பதை இதுவரை கவனித்ததில்லை.

பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் பயன் இருக்கவில்லை. ஒவ்வொரு காலித் தோட்டா வெளியே வரும்போதும் கோமதி வந்தாள். உருளை மூன்று முறை தாண்டிப் போயிற்று. கடைசி அட்டையில் ஆறில் நான்கு வட்டத்துக்கு வெளியே. ஒன்று பக்கத்துத் தடத்தின் அட்டையில் இருந்ததாகக் காஜா சொல்கிறார், நான் ஏற்கவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடங்கள். ஒரு நிமிடம்கூடக் கோமதி விலகி நிற்கவில்லை.

திரும்பும்போது அகிலா வண்டியை ஓட்டினாள். முவைலாவின் முதல் கடைகள் வரை வந்துவிட்டோம். மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது என்று எண்ணி நானும் காத்திருந்தேன்.

"அப்பா," என்றாள். "இப்பதான் கவனிச்சேன். உள்ள இருந்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. நீங்க ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொண்ணா போடுறதையே பாத்துட்டு இருந்தேன். ஃபுல் டைம். அம்மாகூட வரல." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "உங்களுக்கு?"

"எனக்கும்தாம்மா," என்றேன்.